கோட்டை மான்களும் நமது கருணையும்

சனிக்கிழமைதோறும் வைகறையில், கோணேசப் பெருமானின் ஆலயமணி ஒலிப்பதற்குச் சற்று முன்னதாகப் பிரட்ரிக் கோட்டையின் வாசலில் நாங்கள் சிலர் கூடுகின்றோம். ஆளுக்கொரு சாக்கு, நுனியில் ஆணி பொருத்திய கோல், ஒரு சோடி கையுறை, இவையே எங்கள் ஆயுதங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், கடற்றொழில் செய்யும் அன்பர் ஒருவர், கிண்ணியாவிலிருந்து பாலங் கடந்து வரும் இளைஞர் இருவர், இங்கு தங்கிப் பயிலும் சிங்கள மாணவி ஒருத்தி, வீட்டு அலுவல்களை முடித்துக்கொண்டு ஓடிவரும் தாய்மார் இருவர். இவ்வளவுதான் எங்கள் சேனை. எங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தலைவர், செயலாளர் என்ற பதவிகளும் இல்லை. கோட்டைக்குள்ளும் அதனை அடுத்த கடற்கரையிலும் கிடக்கும் பொலித்தீனைப் பொறுக்குவதே எங்கள் வேலை. வெயில் ஏறி, யாத்திரிகர்களின் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கும்போது நாங்கள் கலைந்து விடுகின்றோம்.

இந்தக் கிழவனுக்கு ஏன் இந்த வேலை என்று உறவினர் சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கு நான் நேரில் சொல்லத் தயங்கிய விடையை இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

திருக்கோணமலையை உலகம் அறிந்தது அதன் இயற்கைத் துறைமுகத்தால். ஆழமும் அமைதியும் ஒருங்கே வாய்ந்த அந்நீர்ப்பரப்புக்காகப் பேரரசுகள் பல ஒன்றோடொன்று பொருதன. போர்த்துக்கேயர் சுவாமிமலையின் மேலிருந்த பழம்பெருங் கோயிலை இடித்து, அக்கற்களையும் கொண்டு 1624இல் இக்கோட்டையை எழுப்பினர். 1639இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803இல் யோர்க் கோமகனாகிய பிரட்ரிக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லொன்றை இன்றும் காணலாம். கோயிற்கல் கோட்டைக்கல் ஆன வரலாற்றைச் சொல்ல அந்த ஒரு கல் போதும். இன்று அக்கோட்டைக்குள் படைமுகாம் இருக்கின்றது. அதனூடே செல்லும் பாதை கோணேசர் சந்நிதியை அடைகின்றது. பீரங்கிக்கும் பூசைக்கும் இடம் கொடுத்த இந்த நிலத்தில், ஆல், வேம்பு முதலிய மரங்களின் நிழலில் புள்ளிமான்கள் கூட்டங் கூட்டமாக மேய்கின்றன.

நகரத்தின் நடுவே பூங்கா அமைத்து, அதில் விலங்குகளைக் கொணர்ந்து விடுவது பிற ஊர்களின் வழக்கம். எங்கள் ஊரிலோ கோட்டையே பூங்கா. அதற்கு வேலியும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. மான்கள் கோட்டை மதிலோடு நின்றுவிடுவதுமில்லை. மாலை சாய்ந்ததும் அவை வாசலைத் தாண்டிக் கடற்கரைக்கு வருகின்றன. நகரத் தெருக்களில் உலாவுகின்றன. பேருந்து நிலையத்தின் அருகே பயணிகளோடு பயணியாக நிற்கின்றன. வெளியூரார் இதைக் கண்டு வியப்பர். எங்களுக்கு அது வீட்டுக் கன்று முற்றத்தில் நிற்பது போன்ற சாதாரணக் காட்சி. அந்தச் சாதாரணமே எங்கள் கண்களை மறைத்து விட்டது என்பதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள். மழை கண்டு பல மாதங்கள் ஆகியிருந்தன. கோட்டைக்குள் புல் கருகி, மண் தெரிந்தது. கடற்கரையை நோக்கிய சரிவில் ஒரு வேப்பமரத்தடியில் பெண்மான் ஒன்று படுத்திருந்தது. நாங்கள் அருகிற் சென்றும் அது எழவில்லை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்னும்படி மெலிந்திருந்த அவ்வுடலில் வயிறு மட்டும் பருத்திருந்தது. சினையாக இருக்கின்றது போலும் என்று எங்களுள் ஒருத்தி மெல்லச் சொன்னாள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது இறந்தது.

தகவல் அறிந்து வந்த கால்நடை மருத்துவர் அதன் வயிற்றைத் திறந்தபோது நாங்கள் சற்றுத் தொலைவில் நின்றோம். குட்டி எதுவும் அதனுள் இல்லை. தேங்காய் அளவில், கறுத்து இறுகிய ஒரு திரளையை அவர் வெளியே எடுத்து வைத்தார். கோலால் அதைப் பிரித்தார். சோறு சுற்றிய பொலித்தீன் தாள்கள், கடைப் பைகள், பிஸ்கட் உறைகள், அர்ச்சனைப் பொருள் கட்டிய நைலோன் கயிறு, அறுந்த மீன்வலையின் துண்டு ஒன்று. வலைத்துண்டைக் கண்டதும் எங்கள் கடற்றொழிலாளி நண்பர் முகத்தைத் திருப்பிக் கொண்டார். நானும் திருப்பிக் கொண்டேன். ஆனால் என்னை வருத்தியது வலையன்று, அந்தப் பைகள்.

அதன் காரணத்தைச் சொல்லுமுன், மான் எவ்வாறு இதனால் மடிகின்றது என்பதை விளக்குதல் வேண்டும். பசுவைப் போலவே மானும் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. உண்ட தழை முதலில் பெரிய அறையில் தங்கி, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் நொதித்து, மீண்டும் வாய்க்கு வந்து அசைபோடப்பட்டு, நன்கு சிறுத்த பின்னரே அடுத்த அறைகளுக்குச் செல்லும். பொலித்தீன் நொதிப்பதில்லை, மென்றாலும் சிறுப்பதில்லை. ஆதலால் அது முதல் அறையிலேயே தங்கி விடுகின்றது. இன்று ஒன்று, நாளை ஒன்றாகச் சேர்ந்து ஒன்றோடொன்று பின்னித் திரண்டு, உணவுக்குரிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கின்றது. மானுக்கோ வயிறு நிறைந்த உணர்வு. உடலுக்கோ ஒரு பிடி சத்தும் சேர்வதில்லை. வயிறு நிறைந்திருக்கவே அது பட்டினியால் சாகின்றது. இதனினும் கொடிய பட்டினி வேறு உண்டோ?

மான் பொலித்தீனை ஏன் தின்ன வேண்டும், அதற்கு அறிவில்லையா என்று கேட்போர் உளர். தாளில் ஒட்டியிருக்கும் கறியின் உப்பும், பழத்தின் மணமும், எண்ணெய்ப் பிசுக்குமே அதனை இழுக்கின்றன. உணவு எது, உறை எது என்று பிரித்தறியக் கைகள் அதற்கு இல்லை. இறைவன் அதற்குக் கொடுத்த காட்டில் உறை போட்ட உணவு ஒருநாளும் இருந்ததில்லை.

இனி என் கதைக்கு வருகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், என் பேத்திக்கு நான்கு வயது நிரம்பிய அன்று, அவளைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். தரிசனம் முடிந்து இறங்கி வரும் வழியில் அவள் மானுக்குப் பழம் கொடுக்க ஆசைப்பட்டாள். நானே வாழைப்பழம் வாங்கி, பையோடு அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு பழத்தை எடுத்து நீட்டுமுன், துணிந்த மான் ஒன்று கழுத்தை நீட்டிப் பையையே கௌவிக்கொண்டு ஓடிற்று. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதனைத் துரத்திச் சென்று பையைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழவேயில்லை. புண்ணியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

வேப்பமரத்தடியில் அந்தத் திரளை பிரிக்கப்பட்டபோது எனக்குக் கேட்டது அன்றைய சிரிப்பொலியே. என் பை அந்த மானின் வயிற்றில் இருந்திராது. எனினும் ஏதோ ஒரு மானின் வயிற்றில் அது இருந்திருக்கும். நான் கொடியவனாய் இருந்து அதைச் செய்யவில்லை. அன்பு மேலிட்டே செய்தேன். ஊரிலே எத்தனையோ ஆயிரம் பேர் அவ்வாறே அன்பு மேலிட்டுச் செய்கின்றனர். இதுதான் நான் சொல்லவந்த செய்தி: கோட்டை மான்களை வேடன் கொல்லவில்லை, அவனைத் தடுக்க 1937ஆம் ஆண்டிலேயே வனவிலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்து விட்டது. அவற்றைக் கொல்வது யோசனையற்ற நம் கருணை. அதனைத் தடுக்கச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை. நம் மனத்தில்தான் இடம் தேட வேண்டும்.

மான்மீது பரிவு காட்டாத சமயம் எங்கள் ஊரில் எதுவும் இல்லை. கோணேசர் சிவபெருமான்; மானைக் கரத்தில் ஏந்தியவர். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய இத்தலத்தில், மானேந்திய பெருமானை வணங்கிவிட்டு வரும் வழியில் மானுக்கு நஞ்சிடுகின்றோம். கோட்டைக்குள் பௌத்த விகாரையும் உண்டு; புத்தபெருமான் தம் முதல் அறவுரையை நிகழ்த்திய இடம் மான்கள் உலவிய ஒரு பூங்கா என்பதை அங்கு வணங்க வருவோர் அறிவர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வரும் பொருட்டு நபிகள் நாயகம் தாமே பிணைநின்ற கதை ஒரு படலமாகவே விளங்குகின்றது. கிண்ணியா இளைஞர் இருவரும் அப்படலத்தை என்னிடம் முதன்முறை கேட்டபோது சாக்கைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டனர். கிறிஸ்தவ வேதத்தின் சங்கீதங்களிலோ, நீரோடையை நாடும் மானின் தாகம் இறைவனை நாடும் ஆன்மாவின் தாகத்துக்கு உவமையாயிற்று. இத்தனை மரபுகள் போற்றிய விலங்கு, இத்தனை மரபினரும் வாழும் ஊரில் நம் எச்சிற்றாளைத் தின்று மடிவது நம் அனைவருக்கும் பொதுவான வெட்கம்.

இவ்வெட்கம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகரின் நடுவே, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டி வனத்தையும் அதனை அடுத்த வளாகங்களையும் சார்ந்து வாழும் புள்ளிமான்களும் இவ்வாறே பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டிருக்கின்றன. யப்பான் தேசத்து நாரா நகரின் கதையோ எங்கள் கதையின் நிழலே என்னலாம். அங்கும் ஒரு பழந்தலம். கசுகா ஆலயம் என்பது அதன் பெயர். மான்கள் அத்தலத்துத் தெய்வங்களின் தூதர்கள் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் அங்கு பூங்காவிலும் தெருவிலும் தடையின்றித் திரிகின்றன. 1957இல் அவை இயற்கை நினைவுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஊரில் 2019இல், மார்ச் மாதம் முதல் சில மாதங்களுக்குள் இறந்த 14 மான்களுள் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகளும் உறைகளும் காணப்பட்டன. ஒரு மானின் வயிற்றில் மாத்திரம் 4.3 கிலோகிராம் இருந்தது.

நாரா மக்கள் அதன்பின் செய்தது கவனிக்கத்தக்கது. தொண்டர்கள் கூடிப் பூங்காவைத் துப்புரவு செய்தனர்; ஒரே நாளில் ஏறத்தாழ 53 கிலோகிராம் குப்பை சேர்ந்தது. அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. அரிசித் தவிட்டையும் பழைய பாற்பெட்டிகளின் கூழையும் சேர்த்து, மான் தவறித் தின்றாலும் தீங்கு நேராத காகிதப் பைகளை உள்ளூர் வணிகர்கள் உருவாக்கினர். பொறுக்குவது ஒரு தொண்டு. பொறுக்கத் தேவையில்லாமற் செய்வது அதனினும் பெரிய தொண்டு என்பதை அவ்வூர் வணிகர் உணர்ந்தனர்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017 செப்டம்பர் 1ஆம் திகதி முதல் சோறு சுற்றும் பொலித்தீன் தாள்களும், 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புடைய பைகளும், ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் தடை செய்யப்பட்டுள்ளன. 2021இல் இன்னுஞ் சில பொருள்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. ஆயினும் எங்கள் சாக்குகள் அச்சட்டத்தை அறியா. தடிப்பு சற்றுக் கூடிய பை சட்டத்துக்கு உகந்ததாகலாம். மானின் வயிற்றுக்கு உகந்ததாகாது. மைக்ரோன் கணக்கு மானுக்குத் தெரியாது.

சிரமதானம் என்ற பெயரால் ஆண்டுக்கு ஓரிரு தடவை நூறுபேர் திரண்டு வருவதை நான் குறைகூறவில்லை. அன்று கோட்டை பளிச்சென்று இருக்கும், புகைப்படமும் எடுக்கப்படும். ஆனால் அந்நூறு பேருக்கும் வழங்கப்பட்ட சிற்றுண்டிப் பொதிகளின் உறைகளை மறுவாரம் நாங்கள் பொறுக்கிய அனுபவமும் உண்டு. மான் ஆண்டுக்கு இருமுறை உண்பதில்லை; நாள்தோறும் உண்கின்றது. ஆதலால் அதனைக் காக்கும் தொண்டும் நாள்தோறும் நடைபெற வேண்டியதாகும்.

ஒருநாள் என் கண்ணெதிரே ஒரு யாத்திரிகர் தம் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். ஐயா, மான் தின்றுவிடும் என்றேன். "அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்" என்று அவர் புன்முறுவலுடன் சொல்லிப் போனார். அவர் என்னை இகழவில்லை. உண்மையாகவே அவ்வாறு எண்ணினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாங்கள் பொறுக்குவதே பிறர் எறிவதற்கு அனுமதியாகி விடுகின்றதோ என்ற ஐயம் என்னை வாட்டிற்று. மறுவாரம் போகாமலே இருந்து விடலாமா என்றும் எண்ணினேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எறியப்படுவது சனிக்கிழமை விடியுமுன் எடுக்கப்படாவிட்டால், என் தத்துவ விசாரத்துக்கு விலை கொடுப்பது மானல்லவா? போனேன். அன்று முதல் ஒரு மாற்றம் செய்துகொண்டோம். எங்களுள் இருவர் பொறுக்குவதில்லை. வாசலில் நின்று வருவோரிடம் பேசுகின்றனர். பழத்தைப் பையிலிருந்து எடுத்து வெறுங்கையிலோ பனையோலைப் பெட்டியிலோ கொண்டுசெல்லும்படி கேட்டுக்கொள்கின்றனர். பையை அவர்களே வாங்கி வைத்துக்கொள்கின்றனர். கடிந்து பேசுவதில்லை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மகிழ்ச்சியோடு கொடுக்கின்றனர். அன்பினால் வந்த பிழை அன்பாகச் சொன்னால் திருந்துகின்றது.

இன்னும் ஒன்று கூறவேண்டும். மானுக்கு உணவு கொடுப்பதையே நிறுத்துங்கள் என்றால் பலருக்கு மனம் வருந்தும். பசித்த உயிருக்கு ஈவது அறமல்லவா என்பர். பாணும் சோறும் பலகாரமும் அளவுக்கு மிஞ்சினால் அசைபோடும் விலங்கின் வயிறு புளித்து நோயுறும் என்பது கால்நடை வைத்தியம் அறிந்த உண்மை. அன்றியும், கையில் உணவு கொண்டு வருபவனையே நோக்கிப் பழகிய மான், தழையைத் தேடுவதை விட்டுக் குப்பைத் தொட்டியைத் தேடத் தொடங்குகின்றது. கோடையில் அதற்குத் தேவை நீரும் நிழலும். ஈவதற்கு ஆசையுள்ளோர் ஒரு மரக்கன்றை நட்டு நீரூற்றட்டும். ஒரு தொட்டியில் நாள்தோறும் தண்ணீர் நிரப்பட்டும். அக்கொடையில் உறை இல்லை.

நகர நிர்வாகத்தாரிடமும் வணிகரிடமும் எங்கள் வேண்டுகோள் மிகச் சிறியது. மானின் வாய் எட்டாத, மூடியுள்ள குப்பைத் தொட்டிகள் கோட்டை வழியிலும் கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் வேண்டும். அவற்றை மாலை மயங்குமுன் அப்புறப்படுத்த வேண்டும். ஏனெனில் மான் வெளிவருவது அந்நேரத்திலேயே. அர்ச்சனைப் பொருள் விற்போர் வாழையிலைக்கும் ஓலைப்பெட்டிக்கும் மீளலாம். நம் பாட்டன்மார் பொலித்தீன் இல்லாமலே இம்மலைக்கு வந்து வழிபட்டுச் சென்றனர். அவர்கள் பூசையில் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடற்றொழிலாளர் அறுந்த வலையைக் கரையில் விடாது கட்டிவைத்தால், கலைமான்களின் கொம்பிலும் அது சிக்காது. எங்கள் நண்பர் இப்போது தம் துறையில் அதற்கென ஒரு பீப்பாய் வைத்திருக்கின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வேப்பமரத்தடியே கேட்டது.

சென்ற சனிக்கிழமை என் பேத்தி என்னோடு வந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. பழைய கதையை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது நினைவில்லை. எனினும் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நடந்தாள். கதிரவன் கடலிலிருந்து எழுந்த வேளையில், ஒரு தாய்மானும் அதன் கன்றும் மதிலோரம் புல்லைக் கறித்துக்கொண்டு நின்றன. முதல் மழை பெய்து சில நாட்களே ஆகியிருந்தபடியால் புல் இளம்பசுமையாய் இருந்தது. கன்று தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்தது. எங்கள் கைகளையும் பார்த்தது. பேத்தி தன் வெறுங்கைகளைச் சற்று விரித்துக் காட்டினாள். கன்று மீண்டும் குனிந்து புல்லைக் கறிக்கத் தொடங்கிற்று.

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தாள். கடற்கரைச் சரிவில் இன்னும் பொறுக்க வேண்டியது நிறைய இருந்தது.